45 தாண்டிய பெண்களின் மனசும் உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதர் சங்கக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்குகிற நேரத்தில், கிளினிக் வாங்கில் நம்பர் வரும்வரை இருக்கையில், செத்த வீட்டில் சமையல் நடக்கும் பின்வளவில், நம் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்விகள் இவை. இலங்கையின் கிழக்குப் பக்கத்தில், படுவான்கரையில் ஒரு வயல் கிராமம் என்றாலும் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று மாதிரி நெருக்கமான ஊர் என்றாலும் கேட்கிற விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான். நானும் இந்த வயதில் இருக்கிறவள், பல வருடமாகச் சங்க வேலைகளில் பெண்களோடு கூட நிற்கிறவள். டொக்டர் இல்லை. மருத்துவம் பற்றி இங்கே இருப்பது டொக்டர்மார் பொதுவாகச் சொல்லும் விஷயங்கள். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்களை நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு 47. காரணமே இல்லாம அழுகை வருது. ஒரு கரண்டி விழுந்த சத்தத்துக்கும் பிள்ளைகள்ல பாயுறன். எனக்கு என்ன நடக்குது?

பெரும்பாலும் உங்கள் உடம்பு மாதவிடாய் நிற்கும் காலத்துக்குள் போகத் தொடங்கியிருக்கும். ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோன் இந்த வயதில் ஒரே சீராகக் குறைந்துகொண்டு போவதில்லை. ஒரு மாதம் ஏறும், அடுத்த மாதம் சடாரென்று விழும். மூளையில் மனநிலை, நித்திரை, உடம்புச் சூடு எல்லாவற்றோடும் அதற்குத் தொடர்பு இருப்பதால், அது ஏறி இறங்கும்போது நீங்களும் சேர்ந்து ஏறி இறங்குகிறீர்கள். பிள்ளை பெற்ற கையோடு மனம் சோர்ந்து போனவர்களுக்கும், மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் எப்போதும் எரிச்சல் வந்தவர்களுக்கும் இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிடவும் கூடாது. மகளின் கல்யாணம், மாமியின் பாரிசவாதம், கணவரின் சீனி வருத்தம், மகனின் வெளிநாட்டு அலுவல், சீட்டுக் காசு எல்லாம் வந்து ஒன்றாக நிற்கிற வயதும் இதுதானே. இன்னொன்று, தைரொயிட் குறைந்தாலும் இரத்தச்சோகை இருந்தாலும் இதே களைப்பு, இதே அழுகை, இதே மறதி வரும். இரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். மாதவிடாய் கடுமையாகப் போகிறவர்கள் இரத்தச்சோகையை முதலில் பார்த்துவிடுங்கள். "வயசுக் கோளாறு" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டு இரண்டு வருடம் கஷ்டப்பட்டு, கடைசியில் ஒரு தைரொயிட் குளிசையில் சுகமான பெண்கள் இருக்கிறார்கள்.

இது எத்தனை வருஷம் போகும்?

ஆளுக்கு ஆள் வேறு. 12 மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால் நின்றுவிட்டது என்று கணக்கு. அநேகம் பேருக்கு அது 45க்கும் 55க்கும் இடையில் நடக்கும். அதற்கு முந்திய ஏற்ற இறக்கக் காலம் நாலைந்து வருடம் போகலாம், சிலருக்கு அதைவிடவும் கூட. 40க்கு முதலே நின்றால் கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும், அது எலும்பையும் இதயத்தையும் பாதிக்கிற விஷயம். நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும். "திரும்ப வந்திட்டுதாக்கும்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

தாறுமாறாக வருகிற காலத்தில் பிள்ளை தங்காது என்று நினைப்பவர்களும் உண்டு. தங்கும். 50க்கு முதல் நின்றால் இரண்டு வருடமும், 50க்குப் பிறகு நின்றால் ஒரு வருடமும் குடும்பக் கட்டுப்பாடு தேவை.

திடீரென்று நெஞ்சு படபடக்குது, கழுத்தில இருந்து மேல சூடு ஏறுது, வேர்த்துக் கொட்டுது. மாரடைப்பா?

மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் பகுதி, ஈஸ்ட்ரஜன் குறைந்ததும் சின்ன வித்தியாசத்தையும் பெரிய சூடு என்று எடுத்துக்கொண்டு உடனே வேர்க்க வைக்கிறது. சில நிமிடத்தில் அடங்கிவிடும். நமது ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் கொடுமை, வெளியிலும் அனல், உள்ளேயும் அனல். பருத்திச் சட்டை, தலைமாட்டில் ஒரு போத்தல் தண்ணீர், உறைப்பையும் சுடச்சுடத் தேத்தண்ணியையும் குறைத்தல், மூச்சை மெதுவாக உள்ளே எடுத்து அதைவிட மெதுவாக வெளியே விடுதல் கொஞ்சம் கைகொடுக்கும்.

ஆனால் நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, மூச்சு வாங்குதல், குமட்டலோடு குளிர் வேர்வை என்றால் யோசிக்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இதய நோய் வாய்ப்புக் கூடும், அது ஆம்பிளைகளின் வருத்தம் என்று விட முடியாது.

இரவு 2 மணிக்கு முழிப்பு வந்தா பிறகு நித்திரையே இல்லை. விடிய விடிய யோசனை.

நித்திரை கெட்டால் அடுத்த நாள் எல்லாம் கெடும், அதனால் நான் யாருக்கும் முதலில் இதைத்தான் சரி பண்ணச் சொல்வேன்.

நாம் தேத்தண்ணியில் வளர்ந்த ஆட்கள். பின்னேரம் 5 மணிக்கு ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று, யாரும் வந்தால் அவர்களோடு இன்னொன்று. தேயிலையில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணித்தியாலம் எடுக்கும். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணியை நிறுத்தி, மல்லித் தண்ணீரோ இளஞ்சூட்டில் வெறும் தண்ணீரோ குடித்து இரண்டு கிழமை பாருங்கள். பகல் தூக்கம் போட்டால் அரை மணித்தியாலத்தோடு எழும்பிவிடுங்கள். எவ்வளவு நேரத்துக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள், இது கஷ்டம்தான், ஆனால் மற்ற எதையும்விட இது வேலை செய்கிறது.

முழிப்பு வந்து கொஞ்ச நேரத்தில் திரும்ப நித்திரை வரவில்லை என்றால் பாயில் புரண்டுகொண்டு கிடக்க வேண்டாம். எழும்பி மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை செய்யுங்கள், வெங்காயம் உரிக்கலாம், துணி மடிக்கலாம், தேவாரமோ திக்ரோ சொல்லலாம். கண் சொக்கினால் மட்டும் போய்ப் படுங்கள். ஃபோனை எடுத்தீர்களோ அவ்வளவுதான், கட்டாரில் இருக்கிற மகன் ஒன்லைனில் இருக்கிறானா என்று பார்ப்பதில் தொடங்கி நாலு மணி ஆகிவிடும். இரவில் வருகிற கணக்கு வழக்கு யோசனைகளுக்கு ஒரு கொப்பியை வைத்து, பின்னேரமே எழுதி மூடிவிடுங்கள்: "கரண்ட் பில் வெள்ளிக்கிழமை, மாமிக்கு கிளினிக் 14ஆம் திகதி." எழுதிவிட்டால் மனசு அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது குறையும்.

பக்கத்து வீட்டுக்காரர் தருகிற நித்திரைக் குளிசையைப் போடாதீர்கள். அவற்றில் பல பழக்கமாகிவிடுகிறவை.

மகளுக்கு வீட்டைக் குடுத்திட்டு வளவுக்குப் பின்னால ஒரு அறையில இருக்கிறம். மருமகன் நல்ல பிள்ளைதான். ஆனா நான் கட்டின வீட்டில நான் விருந்தாளி மாதிரி இருக்கு. இதைச் சொன்னா மகளுக்கு எதிராக் கதைக்கிற மாதிரி ஆகிடாதா?

ஆகாது. இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம் பகுதிப் பெண்களின் நடுவயதுக் கவலையில் பெரும் பங்கு இதற்குள்தான் கிடக்கிறது. வெளியில் இருந்து வருகிற ஆலோசனைப் புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

நமது பக்கத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து சேருவார், தாயும் தகப்பனும் அதே வளவில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள், இரண்டாவது மகள் இருந்தால் பிறகு அதுவும் கைமாறும். இந்த வழக்கத்தில் நல்லது நிறைய. மகள் புகுந்த வீடு என்று தெரியாத இடத்தில் போய்த் தனித்து நிற்பதில்லை, பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் தாய் பத்து அடி தூரத்தில் இருக்கிறாள். இதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கொடுத்த தாயின் பக்கத்தில் இருந்து இதை யாரும் பார்ப்பதில்லை. சீட்டுக் கட்டி, தாலிக்கொடியை அடகு வைத்து மீட்டு, சிலர் குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை பார்த்து அனுப்பிய காசில், கல் கல்லாக எழுப்பிய வீடு. இருட்டிலும் எந்தத் தட்டில் சீரகப் போத்தல் என்று கைக்குத் தெரியும். அது ஒரு நல்ல நாளில், மேளச் சத்தத்தோடு, இன்னொருவருடையதாகிவிடுகிறது. அதுவும் உடம்பும் மாறிக்கொண்டிருக்கிற அதே 48, 50 வயதில்.

எனக்குத் தெரிந்த ஒருவர், மகளின் குசினிக்குள் போய் உப்புப் போத்தலைத் தேடியிருக்கிறார். மகள் சாதாரணமாகத்தான் சொன்னாளாம், "அம்மா, அதை நான் மாத்தி வைச்சிட்டன்" என்று. இவர் சிரித்துக்கொண்டு வெளியே வந்து, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்தி இருந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கினார். அவருக்கு மகள் மேல் ஒரு துளி கோபம் இல்லை. ஒன்றை இழந்திருக்கிறார், அதற்கு அழுதார். நீங்களும் அழலாம், யாருக்கும் துரோகம் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது. நீங்கள் இருக்கிற இடம் ஒரு அறைதான் என்றாலும் அதற்கு உங்கள் கையில் ஒரு திறப்பு இருக்கட்டும். ஒற்றை அடுப்பாவது உங்களுக்கென்று வையுங்கள். விரும்பிய நேரத்தில் ஒரு பிளேன்ரீ வைத்துக் குடிப்பதற்கு யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. இன்னும் உறுதி எழுதாதவர்கள் கையெழுத்து வைக்கும் முன் நொத்தாரிசிடம், உயிரோடு இருக்கும்வரை நீங்கள் அங்கே குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை உறுதியிலேயே வைத்து எழுதலாமா என்று கேளுங்கள். எழுதலாம். மகளை நம்பாததால் அல்ல, நாளைக்கு என்ன வரும் என்று ஒருவருக்கும் தெரியாததால்.

பேரப்பிள்ளை விஷயத்திலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பாட்டி வீட்டோடு இருக்கிறா என்றால் பிள்ளை பார்ப்பது அவவின் முழுநேர வேலை என்று தானாகவே முடிவாகிவிடும். "மகள், புள்ளைய நான் பாக்கிறன், சந்தோஷமாப் பாக்கிறன். ஆனா பின்னேரம் நாலரைக்குப் பிறகு நீ பாரு, எனக்கும் கொஞ்சம் வெளியில போக இருக்கு." இப்படிச் சாதாரணக் குரலில், சண்டை வந்த நேரத்தில் இல்லாமல், சும்மா இருக்கிற ஒரு நாளில் சொல்லுங்கள். அநேகமான பிள்ளைகள் "ஓம் அம்மா" என்றுதான் சொல்லும், அவர்களுக்கு இது தெரியாமல்தான் இருந்திருக்கும்.

எனக்கு மகளும் இல்லை, கல்யாணமும் இல்லை. தங்கச்சி வீட்டில இருக்கிறன். எல்லாரும் என்னை வேலைக்குத்தான் தேடுறாங்க.

சண்டைக் காலத்தில் கல்யாண வயதைத் தொலைத்த பெண்கள் நமது ஊர்களில் நிறைய. மாதவிடாய் நிற்கும்போது இவர்களுக்கு வருகிற கவலை வேறு மாதிரி, இனிப் பிள்ளை இல்லை என்ற கதவு சாத்தப்படுகிற கவலை, அதைக் கேட்க ஒரு ஆளும் இருக்காது. உங்கள் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம், உங்கள் கையால் ஒரு வருமானம், அது பாய் இழைப்பதோ தையலோ எதுவோ, இந்த இரண்டையும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களைப் போல இருக்கிற இன்னும் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள்.

1990இல நடந்தது, சுனாமியில நடந்தது எல்லாம் இப்ப கனவில வருது. இத்தனை வருஷம் வராம இப்ப ஏன்?

இன்றைக்கு 50 வயதில் இருக்கிறவர்கள் 1990இல் இங்கே சண்டை மூண்ட நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று கைக்குழந்தை வைத்திருந்த இளம் தாய்மார். தம்பியை, தகப்பனை, பிள்ளையைப் பறிகொடுத்த கையோடு முகாம், நிவாரண வரிசை, தகரக் கொட்டில், மற்றப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஓடியவர்கள். அழுவதற்கு நேரம் இருக்கவில்லை. இப்போது பிள்ளைகள் வளர்ந்து வீடு அமைதியாகிவிட்டது, நித்திரையும் ஒழுங்காக இல்லை, அப்போதுதான் அடக்கி வைத்தவை மேலே வருகின்றன. மார்கழியில் கடல் இரைகிற சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது என்று நாவலடி, காரைதீவு, மருதமுனைப் பக்கத்துப் பெண்கள் சொல்வது பொய்யோ பலவீனமோ இல்லை.

காணாமல் போனவர்களின் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் இது இன்னும் பெரிய பாரம். அந்தியேட்டி செய்து அழுது முடிக்கவும் முடியாது, வருவான் என்று நிம்மதியாக நம்பவும் முடியாது. அவர்களிடம் போய் "மறந்திடுங்க, எத்தனை வருஷமாச்சு" என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

நினைவு வந்து ஆளை விழுங்குகிற மாதிரி இருந்தால் கால் இரண்டையும் தரையில் பதித்து, இப்போது கண்ணுக்குத் தெரிகிற ஐந்து சாமான்களை வாய்விட்டுச் சொல்லுங்கள், சுவர் மணிக்கூடு, சாய்மனைக் கதிரை, துளசி என்று. கையில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் உடம்பு இன்றைய நாளுக்குத் திரும்பும். எல்லாவற்றையும் யாரிடமாவது கொட்டியே ஆக வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை, நீங்கள் விரும்பும்போது விரும்பிய அளவுக்குச் சொன்னால் போதும். கனவும் திடுக்கிடுதலும் மாதக்கணக்கில் போனால் உளநலப் பிரிவில் இதற்கென்றே சிகிச்சை உண்டு, எத்தனை வருடம் போயிருந்தாலும் பலன் உண்டு.

சும்மா கவலையா, வருத்தமா என்று எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது?

கவலை வரும், போகும். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் சிரிப்பீர்கள், நல்ல இறால் கறி என்றால் ரசித்துச் சாப்பிடுவீர்கள். மனச்சோர்வு நோய் என்றால் இரண்டு கிழமைக்கு மேலாக, அநேகமாக ஒவ்வொரு நாளும், மனம் கனத்துக் கிடக்கும், அல்லது முன்னே பிடித்த எதிலுமே விருப்பம் இருக்காது. கூடவே நித்திரை, பசி, யோசிக்கிற சக்தி எல்லாம் மாறும், "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற நினைப்பு ஒட்டிக்கொள்ளும். நம் பெண்கள் பலர் கவலை என்று சொல்லவே மாட்டார்கள், "உடம்பெல்லாம் உளையுது, தலை பாரம், நெஞ்சு எரியுது" என்றுதான் சொல்வார்கள், பெனடோல் போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால் முதல் ஆளாக நிற்கிறவர் ஒரு வருடம் குளிர்த்திச் சடங்குக்குக் கூடப் போகாமல் பாயில் கிடந்தால், அதைக் கவனியுங்கள்.

கோயிலுக்கும் போறம், நேர்த்தியும் வைக்கிறம், தொழுறம். அது காணாதா?

அது பெரிய பலம், விடவே வேண்டாம். கூட்டமாக இருந்து கும்பிடுவதும், தொழுத பிறகு கொஞ்சம் அமைதியாக இருப்பதும் மனசுக்கு நல்லது. சீனி வருத்தத்துக்குக் கும்பிட்டுக்கொண்டே மருந்தும் போடுகிறோம்தானே, இதற்கும் அப்படியே செய்யுங்கள். செய்வினை என்று சொல்லி ஆயிரக்கணக்கில் காசு கேட்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

எங்க போய்க் காட்டுறது? ஆரும் கண்டா விசர் என்று கதை கட்டிடுவாங்களே.

முதலில் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேளுங்கள், சுகவனிதையர் கிளினிக் எந்த நாள், எங்கே என்று சொல்லுவா. 1996இல் தொடங்கிய இலவச சேவை இது, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் கீழ் நடக்கிறது. பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை எல்லாம் அங்கே பார்க்கிறார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் கட்டாயம் வரச் சொல்கிறார்கள்; வருத்தம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறவர்களுக்காகவே உள்ள இடம் இது. அங்கே வைத்தே மனசு சரியில்லை, நித்திரை இல்லை என்று சொல்லலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், கிளினிக்குக்குப் போனீர்கள், அவ்வளவுதான்.

அதற்கு மேல் தேவை என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அம்பாறைப் பக்கத்தவர்கள் கல்முனை, அக்கரைப்பற்று போன்ற பக்கத்து ஆதார வைத்தியசாலையில் மனநல கிளினிக் நாளைக் கேட்டுக்கொண்டு போகலாம். பேச்சுத்துணைதான் தேவை என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள். வெளியே போகவே முடியாதவர்களுக்கு 1926 இருக்கிறது, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் வேலை செய்யும், தமிழில் பேசலாம்.

கதை கட்டுகிறவர்கள் பற்றி: அப்படிக் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் தாங்களே குளிசையில் இருக்கிறார்கள் என்பது கிளினிக் வாங்கில் போய் இருந்தால் உங்களுக்கே தெரியும். தைரியமாகப் போங்கள்.

குளிசை தொடங்கினா சாகும் வரைக்கும் விட ஏலாதாமே?

மனச்சோர்வுக்குத் தருகிற மருந்துகள் போதைக்கு அடிமையாக்குகிற வகை இல்லை. பலன் தெரியவே இரண்டு முதல் நாலு கிழமை போகும், அதற்குள் சிலருக்கு வயிற்றுப் பிரட்டலோ தலையிடியோ வரும், அதைப் பார்த்துப் பயந்து ஐந்தாம் நாளே குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது டொக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும், ஒரே நாளில் விட்டால் உடம்பு தடுமாறும்.

குறைந்துபோன ஈஸ்ட்ரஜனை மருந்தாகத் தருகிற ஹார்மோன் சிகிச்சையும் பலர் கேட்பது. சூடு, வேர்வை, நித்திரைக் குழப்பம் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் அது நன்றாக வேலை செய்யும். 60 வயதுக்கு முதல், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குவது நல்லது என்று சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தம் உறைகிற வருத்தம் உள்ளவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. கருப்பை இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரஜனோடு புரஜெஸ்ட்ரஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத்தான் தருவார்கள். ஃபார்மஸியில் நீங்களே வாங்கிப் போடுகிற சாமான் இல்லை.

அவரோட இருக்கிறதுக்கு விருப்பமே இல்லை. நோகுது. அவருக்குக் கோவம்.

வறட்சியால் நோகிறது. இதற்குப் பூசுகிற கிரீம், ஜெல் வகைகள் இருக்கின்றன, பெண் டொக்டரிடமோ மருத்துவமாதுவிடமோ "அந்த நேரம் நோகுது" என்று ஒரு வரி சொன்னால் அவர்களுக்கு விளங்கிவிடும். கணவரிடமும் சொல்லுங்கள், "உங்களைப் பிடிக்காம இல்லை, உடம்பு நோகுது" என்று. கேட்டு விளங்கிக்கொள்கிற ஆம்பிளைகள் நாம் நினைப்பதைவிடக் கூட. கையை நீட்டுகிறவர், கட்டாயப்படுத்துகிறவர் என்றால் அது வேறு விஷயம்: 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், 2005இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். வயது 50 ஆனாலும் கேட்கலாம்.

எனக்கென்று நேரம் எடுக்கச் சொல்றீங்க. எங்க இருக்கு நேரம்?

ஒரு நாளில் அரை மணித்தியாலத்தில் தொடங்குங்கள். அதை யாராவது தருவார்கள் என்று பார்த்திருந்தால் வராது, சோறு வடிக்கிற நேரம் மாதிரி அதுவும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த நேரமாக இருக்க வேண்டும்.

நடப்பதுதான் செலவில்லாதது. கிழமைக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஐந்து நாள் அரை மணித்தியாலம் என்றால் சரி. மனச்சோர்வு குறைவதற்கும் எலும்புக்கும் நித்திரைக்கும் ஒரே மருந்து. கல்லடிக் கடற்கரைப் பக்கமும் வாவிக் கரையிலும் பெண்கள் இரண்டு மூன்று பேராக நடக்கிறதை இப்போது பார்க்கிறேன், அபாயா போட்டவர்கள், சட்டை போட்டவர்கள், சேலைக்குக் கீழே சப்பாத்துப் போட்டவர்கள் என்று, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. தனியாக நடக்க ஒரு மாதிரி இருந்தால் மச்சியையோ ராத்தாவையோ பிடித்துக்கொள்ளுங்கள். துணை இருந்தால் மழைக்கும் சாட்டுச் சொல்ல முடியாது. கிழமையில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுப்பதும் தேவை. கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருப்பது நல்ல தொடக்கம்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சிய குழம்பும் சோறும் சாப்பிடுகிற பழக்கத்தை விடுங்கள். மீன் துண்டு உங்களுக்கும் ஒன்று எடுத்து வையுங்கள். ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் தேவைப்படுகிற வயது இது, அதற்கு எருமைத் தயிரும் முள்ளோடு தின்கிற நெத்தலியும் குரக்கனும் முருங்கை இலையும் நமது சந்தையிலேயே இருக்கின்றன. விலை கூடின பால்மா டின் தேவையில்லை.

கிழமைக் கடன் கட்ட ஆள் வந்து வாசல்ல நிக்கும்போது எனக்கு நடுக்கம். இதுக்கு மூச்சுப் பயிற்சி என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. இது காசுப் பிரச்சினை, மனசைச் சரி பண்ணி இதைத் தீர்க்க முடியாது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதி, மறைக்காமல், கணவரிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ காட்டுங்கள். மறைப்பதில்தான் பாதி நடுக்கம் இருக்கிறது. தவணையை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஆள் வந்து இரவில் சத்தம் போட்டாலோ மரியாதை இல்லாமல் பேசினாலோ அயலவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள், பொலிசுக்கும் போகலாம்.

சில நேரம் செத்துப் போகலாம் போல இருக்கு.

இதை இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம். சகோதரியோ சிநேகிதியோ பக்கத்து வீட்டு அக்காவோ, "நான் தனிய இருக்கக் கூடாது, என்னோட இருங்க" என்று கேளுங்கள். 1926க்கு இரவு எந்த நேரமும் எடுக்கலாம். அந்த நினைப்பு மிகவும் வலுவாக இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எவ்வளவு கடுமையான இரவாக இருந்தாலும் இந்த நினைப்பு வந்து தணிகிற ஒன்று, சிகிச்சை எடுத்து மீண்டு வந்து பேரப்பிள்ளை தூக்குகிற பெண்கள் நமது ஊரிலேயே இருக்கிறார்கள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு: நேரடியாகக் கேளுங்கள், "சாக வேணும் என்று யோசிக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், இருந்து கேளுங்கள். வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் அதை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிப் பூட்டி, திறப்பை வேறு ஆளிடம் கொடுங்கள். குளிசைகளையும் அப்படியே.

எங்கட அம்மா இப்படித்தான் இருக்கிறா. கேட்டா "எனக்கு ஒண்டும் இல்ல, நீ உன்ட வேலையப் பாரு" என்கிறா. என்ன செய்யலாம்?

"அம்மா, உங்களுக்கு மனசு சரியில்லை, டொக்டரிடம் போவம்" என்று தொடங்கினால் வரமாட்டா. "35க்கும் 45க்கும் செய்யிற டெஸ்ட் உங்களுக்குச் செய்யேல்லையே, பிரஷரும் பாத்திட்டு வருவம்" என்று சுகவனிதையர் கிளினிக் நாளில் கூட்டிக்கொண்டு போங்கள், 45 தாண்டியிருந்தாலும் போகலாம். போகும்போது மூன்று மாதமாக நீங்கள் கவனித்ததை, நித்திரை, சாப்பாடு, அழுகை, மாதவிடாய் கடைசியாக வந்த திகதி என்று ஒரு துண்டில் எழுதி மருத்துவமாதுவின் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே வந்து இருங்கள். பிள்ளைக்கு முன்னால் சொல்லாததை அவவிடம் சொல்லக்கூடும். அன்றைக்கு வீட்டுச் சமையலை நீங்கள் செய்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் "உலை வைக்க வேணும்" என்று பாதியில் எழும்பி வந்துவிடுவா.